இரண்டாவது பத்தாயிரம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. காட்பாடி பக்கம் வீடு வாங்கி எட்டு மாதம் ஆகிறது. 30 லட்சம் கடன், 20 வருடம், எட்டரை வட்டி. மாதத் தவணை 26,035 ரூபாய். அதற்கு மேல் மாதாமாதம் 20,000 ரூபாயை அசலில் கட்டுகிறேன். ஏழு வருடம் சொச்சத்தில் கடன் தீர்ந்துவிடும்.

அதற்காக எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று. ஏசி இல்லை. வெளியூர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மாதம் ஒருமுறை என்றானது, அப்புறம் அதுவும் நின்றது. கையிருப்பு என்றும் பெரிதாக ஒன்றுமில்லை. போன வாரம் ஒன்பது வயது மகள், "கடன் முடியறப்ப எனக்குப் பதினாறாப்பா?" என்று கேட்டாள். மனைவி பக்கத்தில்தான் இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததுதான் பயமாக இருக்கிறது. மச்சான், "கடன் பாட்டுக்குக் கடன் ஓடட்டும், இருக்கும்போது அனுபவிங்க" என்கிறான். நான் செய்வது சரியா? என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

நம் வேலூரில் ஏசி இல்லாமல் ஒரு மே மாதத்தைக் கடந்திருக்கிறீர்கள். ராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடித் தளத்தில் கால் வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அதற்கே ஒரு கும்பிடு.

மச்சான் சொல்வதை நான் ஏற்கவில்லை. நீங்கள் கட்டிய முதல் தவணையில் வட்டிக்குப் போனது 21,250. அசலில் கழிந்தது 4,785. சும்மா விட்டால் 20 வருடத்தில் வட்டி மட்டுமே முப்பத்திரண்டரை லட்சத்துக்கு நெருக்கி வரும். கணக்குப் பிள்ளைக்கு வயிறு எரியத்தானே செய்யும்.

ஆனால் நீங்கள் போடாமல் விட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. இருபதாயிரத்துக்குப் பதிலாக ஆரம்பத்திலிருந்தே பத்தாயிரம் மட்டும் கூடுதலாகக் கட்டியிருந்தால்? பத்தரை வருடத்தில் முடியும். அதாவது முதல் பத்தாயிரம் ஒன்பதரை வருடத்தை வெட்டுகிறது, வட்டியில் சுமார் 17 லட்சம் மிச்சம். இரண்டாவது பத்தாயிரம் அதற்கு மேல் வெட்டுவது மூன்று வருடம் சொச்சம், மிச்சம் சுமார் 5 லட்சம். எந்த ரூபாயைக் கட்டினாலும் அதே எட்டரை சதவீதம்தானே மிச்சம் என்று நீங்கள் கேட்கலாம். வங்கிக்கு எல்லா ரூபாயும் ஒன்றுதான். உங்கள் வீட்டில் அப்படி இல்லை. முதல் பத்தாயிரம் எங்கே போனது என்றே தெரியாமல் போய்க்கொண்டிருந்த பணம், அது போனதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இரண்டாவது பத்தாயிரம்தான் பிரியாணி, ஏசி, பரீட்சை லீவில் ஏலகிரி.

தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைக் கேலி செய்வார்கள். கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில் 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடியது. சனம் பாலத்தில் வரிசையாக நின்று பார்த்தது. நான் அன்று ஏதோ வேலை என்று போகவில்லை. என்ன வேலை என்று இப்போது நினைவில்லை.

சரி, மனைவி பேசாமல் இருந்த விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பா குடியாத்தத்தில் வாத்தியார். அது வட ஆற்காடு ஜில்லாவாக இருந்த காலத்திலேயே கடன் வாங்கி வீடு கட்டினார். கடன் தீரும்வரை வெளிச்சுவருக்குப் பூச்சு கிடையாது. ஒன்பது வருடம் செங்கல் தெரிய நின்றது. தெருவில் எங்களுக்குப் பெயரே 'செங்கல் வீடு'. தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டுக்கொண்டு வருவார். அம்மா விளக்கு வைத்த பிறகுதான் சந்தைக்குப் போவாள், கடை கட்டும் நேரத்தில் கத்திரிக்காய் பாதி விலைக்கு விழும். அப்பாவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. கட்டியது, பாக்கி எல்லாம் அதில். நோட்டு டிரங்குப் பெட்டியில், சாவி அவர் இடுப்பில்.

அப்பா போனபிறகு ஒருநாள் அம்மா சொன்னாள்: "கஷ்டம் ஒண்ணும் பெருசு இல்லடா. எவ்ளோ பாக்கின்னு என்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல. முடியப் போவுதுன்னு தெரிஞ்சிருந்தா நானே இன்னும் இழுத்துப் பிடிச்சிருப்பேன்."

உங்கள் கடிதத்தில் 'கட்டுகிறேன்' என்று இருக்கிறது. 'கட்டுகிறோம்' இல்லை. இன்றைக்கே கடன் கணக்கை மனைவி முன்னால் விரித்து வையுங்கள். முதல் பத்தாயிரத்தைத் தொட வேண்டாம். இரண்டாவதை என்ன செய்வது என்று அவர் சொல்லட்டும். முழுதும் கடனுக்கே போகட்டும் என்று சொன்னாலும் சொல்லுவார், யார் கண்டது.

ஒரே ஒரு நிபந்தனை, கையிருப்பு. வங்கியில் முன்கூட்டிக் கட்டிய பணம் சாதாரணக் கடனில் திரும்ப வராது. (வேண்டும்போது எடுத்துக்கொள்கிற ஓவர்டிராப்ட் வகை வீட்டுக்கடனும் உண்டு, உங்கள் வங்கியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.) வைத்தியத்துக்கென்று எங்கெங்கிருந்தோ வந்து லாட்ஜில் தங்குகிற ஊர் நம் ஊர். ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்டச் சொல்லும்போது, "அசலில் ஒன்றரை லட்சம் முன்கூட்டியே கட்டியிருக்கிறேன்" என்று சொன்னால் ரசீது போடமாட்டார்கள். நேராக நகை அடகுக் கடைக்குத்தான் போக வேண்டும், அங்கே வட்டி எட்டரை இல்லை. ஆறு மாதச் செலவும் தவணையும் சேரும்வரை இரண்டாவது பத்தாயிரத்தில் பெரும்பகுதி அதற்குப் போகட்டும்.

அப்புறம், மாறும் வட்டிக் கடனாக இருந்தால் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது, ரிசர்வ் வங்கி விதி. ஒவ்வொரு முறை கட்டும்போதும் தவணைத் தொகை குறைய வேண்டாம், காலம்தான் குறைய வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

மகளிடம் பதினெட்டு என்று சொல்லுங்கள். இனி முதல் பத்தாயிரம் மட்டும் கூடுதலாகக் கட்டினால், இதுவரை கட்டியதையும் சேர்த்துப் போட்டு அப்படித்தான் வருகிறது. ஏசி வாங்குவதென்று மனைவி முடிவு செய்தால் ஒரே அறைக்குப் போதும், எல்லோரும் அதிலேயே படுத்துக்கொள்ளுங்கள். மாசியிலேயே வாங்கிவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் மாட்டுவதற்கு ஆள் கிடைக்கமாட்டார்.