கம்பைல் முடிந்தும் க்யூபிட்டோரண்ட் திறக்கவில்லை

உபுண்டுவில் டோரண்ட் இறக்கும் செயலியான க்யூபிட்டோரண்டையும் அதற்குத் தேவையான லிப்டோரண்ட் நூலகத்தையும் மூலநிரலிலிருந்து பிழையில்லாமல் கம்பைல் செய்தும், இயக்கினால் ‘லிப்டோரண்ட் நூலகக் கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்று வருவதாகக் கேட்டிருந்தீர்கள். கம்பைல் சரிதான், மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடாதீர்கள் (நான் அப்படி ஒரு ராத்திரியைத் தொலைத்தவன்). நாமாக நிறுவும் நூலகம் வழக்கமாக யூஎஸ்ஆர் லோக்கல் லிப் அடைவில் போய் உட்காரும். நிரல் தொடங்கும்போது நூலகங்களைத் தேடிக் கொடுக்கும் லோடரின் பழைய பட்டியலில் அது இருக்காது. டெர்மினலில் ‘சூடோ எல்டிகான்ஃபிக்’ என்ற கட்டளையை ஒருமுறை போடுங்கள், பட்டியல் புதுப்பிக்கப்பட்டுவிடும்.

அப்புறம், நீங்கள் கேட்ட இன்னொன்று: போர்ட் (வெளியிலிருந்து இணைப்பு உள்ளே வரும் வாசல்) திறக்காத சிக்கல். ரூட்டர் பக்கத்தில் வான் ஐபி (ரூட்டரின் இணையப் பக்கத்து முகவரி) என்ன காட்டுகிறது? 100.64 முதல் 100.127 வரை ஏதாவதொன்றில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது சேவை தருபவர் ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார். ரூட்டரில் எத்தனை விதி எழுதினாலும் ஐபிவி4 வழியாக வெளியிலிருந்து இணைப்பு வராது. இணையச் சேவை தருபவரிடம் பொது ஐபி கேட்டுப் பாருங்கள்.