48 மணி நேரத்தில் ஒரு விளையாட்டு: கேள்வி பதில்

குறித்த நேரத்துக்குள் ஒரு விளையாட்டை உருவாக்கிச் சமர்ப்பிக்கும் நிகழ்வான கேம் ஜாமில் கலந்துகொண்டு சிறிய வீடியோ கேம் ஒன்றைச் செய்து முடித்தவர்களும், முடிக்க முடியாமல் போனவர்களும், அடுத்த முறைக்குத் தயாராகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. எனக்குத் தெரிந்தவை வடிவமைப்பும் நிரலாக்கமும்தான். மற்றவற்றுக்கு விடை சுருக்கமாகவே இருக்கும்.

கேள்வி: முதன்முறையாகக் கலந்துகொள்ளப் போகிறேன். எந்த எஞ்சினை (விளையாட்டை உருவாக்கும் மென்பொருளை) தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை. எதுவுமே தெரியாது என்றால், இலவசமாகவும் திறந்த மூலமாகவும் கிடைக்கும் கோடோவை ஜாமுக்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள். 128×128 புள்ளிகள் கொண்ட திரையும் 16 வண்ணங்களும் மட்டுமே தரும் பிக்கோ-8 இன்னொரு நல்ல வழி. எடுக்க வேண்டிய முடிவுகளில் பாதியை அந்தக் கட்டுப்பாடே உங்களுக்காக எடுத்துவிடும். எதைத் தேர்ந்தாலும், முதல் நாளிலேயே ஒரு சதுரம் மட்டும் நகரும் வெற்று விளையாட்டைப் பிரவுசருக்கான பில்டாக (ஆடக்கூடிய வடிவமாக) இணையத்தில் ஏற்றி, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.

கேள்வி: ஆறு கட்டங்கள் (லெவல்கள்), மூன்று ஆயுதங்கள், கடை, கதை உரையாடல், இறுதி எதிரி என்று திட்டமிட்டோம். 48 மணி நேரம் முடிந்தபோது பாதிகூடத் தேறவில்லை. இத்தனைக்கும் இருவருமே வேகமாக வேலை செய்பவர்கள். எங்கே தவறினோம்?

பதில்: வேகத்தில் குறையில்லை, கணக்கில்தான் குறை. கட்டங்களின் எண்ணிக்கை பெரிய சுமையே அல்ல. அடிப்படை சரியாக இருந்தால் ஒரு புதிய கட்டத்தை அரை மணி நேரத்தில் அடுக்கிவிடலாம். உங்களை மூழ்கடித்தவை ஆயுதம், கடை, உரையாடல் போன்ற அமைப்புகள். ஒவ்வொரு புதிய அமைப்பும் ஏற்கெனவே இருக்கும் எல்லா அமைப்புகளோடும் ஒத்துப்போக வேண்டும்: மூன்று அமைப்புகள் இருந்தால் சரிபார்க்க வேண்டிய இணைகள் 3; ஆறு இருந்தால் 15. கடை திறந்திருக்கும்போது எதிரி தாக்கினால் என்ன ஆகும், உரையாடலின் நடுவே வீரன் இறந்தால் என்ன ஆகும் என்பவையெல்லாம் இரண்டாம் நாள் நள்ளிரவில்தான் தலைதூக்கும்.

ஆட்டக்காரர் செய்யக்கூடிய ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டுமே வைத்துப் பாதி நேரத்துக்குள் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு விளையாட்டை முடித்துவிடுங்கள். அது அசிங்கமாக இருக்கலாம், ஒலியே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்த நிமிடமே ஜாம் முடிந்தாலும் சமர்ப்பிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மீதி நேரத்தில் கட்டங்களைச் சேர்க்கலாம், அசைவுகளை மெருகேற்றலாம். கடைசி சில மணி நேரத்தைத் தலைப்புத் திரைக்கும், மறுதொடக்கப் பொத்தானுக்கும், ஏற்றுவதற்கும் ஒதுக்குங்கள்; திட்டத்தாளில் யாரும் எழுதாத வேலைகள் இவை.

கேள்வி: என் கணினியில் நன்றாக ஓடியது. பிரவுசரில் சில படங்கள் வரவில்லை, ஒலியும் இல்லை. ஒரு நண்பருக்கோ எல்லாமே இரு மடங்கு வேகத்தில் ஓடியதாம்.

பதில்: இவை மூன்று தனித்தனிப் பிழைகள். விண்டோஸ் கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் பொதுவாக வேறுபடுத்துவதில்லை; பெரும்பாலான வலைச் சேவையகங்கள் வேறுபடுத்தும். அதனால் பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் படம் வராது. பயனர் ஒருமுறை சொடுக்கும் வரை ஒலியைத் தொடங்கவிடாமல் பிரவுசர்கள் தடுக்கின்றன. ‘தொடங்கு’ பொத்தானுடன் ஒரு தலைப்புத் திரை வைத்தால் இது தானாகவே தீரும். வேகக் கோளாறுக்குக் காரணம், நகர்வை ஃபிரேமுக்கு (திரை ஒருமுறை புதுப்பிக்கப்படுவதற்கு) இத்தனை புள்ளி என்று எழுதியிருப்பீர்கள். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் பார்த்துச் சரிசெய்த விளையாட்டு, 120 முறை புதுப்பிக்கும் திரையில் இரு மடங்கு வேகத்தில் ஓடும். முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால் நகர்வைப் பெருக்குங்கள். முதல் நாளிலேயே பில்டை ஏற்றி வேறொரு கணினியில் திறந்திருந்தால் மூன்றுமே அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கேள்வி: யூனிட்டி எஞ்சினா, கோடோவா?

பதில்: முதல் கேள்விக்கான விடையைப் பாருங்கள்.

கேள்வி: பழைய நிரலையும் இணையத்தில் கிடைக்கும் படங்களையும் பயன்படுத்தலாமா?

பதில்: ஜாமைப் பொறுத்தது. லூடும் டேர் என்ற ஜாமில் தனிநபர் போட்டிப் பிரிவு 48 மணி நேரம்; படம், ஒலி எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குள் நீங்களே செய்ய வேண்டும். குழுவாகச் செய்யும் 72 மணி நேரப் பிரிவில் விதிகள் தளர்வானவை. விதிப் பக்கத்தை முழுதாகப் படியுங்கள்.

கேள்வி: என் தாவல் விளையாட்டைப் பலர் இரண்டாம் கட்டத்திலேயே கைவிட்டார்கள். எனக்கோ முழு விளையாட்டும் மூன்று நிமிட வேலைதான்.

பதில்: அந்தக் கட்டத்தை உருவாக்கும்போதே அதை எண்ணற்ற முறை ஆடிவிட்டீர்கள்; உங்கள் விரல்கள் கற்றுக்கொண்டது புதிதாக வருபவருக்குத் தெரியாது. உங்களுக்குச் சலிப்பூட்டும் அளவுக்கு எளிதாக இருப்பதுதான் அவருக்கு நியாயமான தொடக்கம். மேடையின் விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 நொடி வரை தாவ அனுமதியுங்கள். தரையைத் தொடுவதற்குச் சற்று முன் அழுத்தப்பட்ட தாவல் பொத்தானையும் நினைவில் வைத்து நிறைவேற்றுங்கள். இந்த இரண்டு சலுகைகளையும் ஆட்டக்காரர் கவனிக்கவே மாட்டார். விளையாட்டு தன் சொல்லைக் கேட்கிறது என்று மட்டும் உணர்வார்.

கேள்வி: இதை ஏற்க முடியவில்லை. கடினமாக வைப்பது படைப்பவரின் உரிமை. மதிப்பெண்ணுக்காக எளிதாக்குவது சமரசம்.

பதில்: உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் கடினத்தையும் தண்டனையையும் பிரித்துப் பாருங்கள். செலஸ்ட் என்ற தாவல் விளையாட்டு 2015-இல் பிக்கோ-8-இல் நான்கு நாட்களில் உருவான சிறு விளையாட்டாகத்தான் தொடங்கியது. 30 கட்டங்கள், எளிதானதும் அல்ல. ஆனால் ஒவ்வொரு கட்டமும் ஒரே திரை. இறந்தால் அதே திரையின் தொடக்கத்தில் உடனே மீண்டும் நிற்கிறீர்கள். தோற்பது எளிது, தோல்விக்குக் கொடுக்கும் விலை மிகக் குறைவு. கைவிடப்பட்ட விளையாட்டுகள் பலவற்றில், தாண்ட முடியாத ஓர் இடத்துக்காகத் தாண்டிவிட்ட பத்து இடங்களைத் திரும்ப ஆடச் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால், இறந்தால் முதலிலிருந்து தொடங்க வைக்கும் ரோக்லைக் விளையாட்டுகள் எல்லாம் தவறா?

பதில்: இல்லை. அங்கே ஒவ்வொரு தொடக்கத்திலும் அறைகளும் பொருள்களும் புதிதாக அமைகின்றன. திரும்பத் தொடங்குவதே விளையாட்டின் உள்ளடக்கம். கைப்பட வரைந்த ஐந்து கட்டங்களுக்கு அந்த வாதம் பொருந்தாது.

கேள்வி: முன்பு மறுத்தவன்தான் மீண்டும் எழுதுகிறேன். மதிப்பிடுபவருக்குப் பொறுமை இல்லையென்றால் அது அவருடைய குறை.

பதில்: அவர் முன்னால் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் வரிசையில் நிற்கின்றன, உங்களுக்குச் சில நிமிடங்கள் கிடைத்தாலே பெரிது. ஒரு பகுதியை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: இழப்புதான் உங்கள் விளையாட்டின் பொருள் என்றால் தண்டனையை வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தலைப்புத் திரையிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் தெரிந்தே வைத்த கடினத்தைப் பற்றி எனக்கு வழக்கில்லை. உங்களுக்கே தெரியாமல் நுழைந்துவிட்ட கடினத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். இத்துடன் இதை நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: பின்னணி இசையை எப்படி அமைப்பது?

பதில்: என் துறை அல்ல. தாவல், வெடிப்பு போன்ற ஒலிகளுக்கு மட்டும், 2007-இல் லூடும் டேரில் பங்கேற்பவர்களுக்காகவே உருவாக்கப்பட்ட எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற ஒலி உருவாக்கும் மென்பொருள் இன்றும் போதுமானது.

கேள்வி: நடுத்தர மதிப்பெண்தான் கிடைத்தது. இதைப் பெரிய விளையாட்டாக வளர்க்கலாமா?

பதில்: மதிப்பெண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள், ஜாம் முடிந்த பிறகும் யாராவது திரும்பி வந்து ஆடுகிறார்களா என்று பாருங்கள். 2017-இல் நார்டிக் கேம் ஜாமில் வென்ற பாபா இஸ் யூ, விதிகளாக அமைந்த சொற்களைத் தள்ளி விதிகளையே மாற்றும் அதே கருத்தை விரித்து 2019-இல் முழு விளையாட்டாக வெளிவந்தது. ஹாலோ நைட் என்ற விளையாட்டு வேறு வகை. 2013-இல் லூடும் டேருக்காகச் செய்த ஒரு சிறு விளையாட்டின் நாயக உருவம்தான் அதில் தொடர்ந்தது. ஆட்டமுறை முற்றிலும் புதிது. எனவே வளர்ப்பதற்கு முன், உங்கள் விளையாட்டில் உயிருள்ள பகுதி எது என்று கண்டுபிடியுங்கள். நிரலைப் பெரும்பாலும் புதிதாகத்தான் எழுத வேண்டியிருக்கும். அவசரத்தில் எழுதியதன் மேல் கட்டாதீர்கள்.

கேள்வி: எந்த எஞ்சின் நல்லது?

பதில்: மேலே.

கேள்வி: ஜாம் முடிந்ததும் அனுபவக் குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். எதை எழுதுவது?

பதில்: கருத்துகள் வருவதற்கு முன்பே எழுதத் தொடங்குங்கள்; வந்த பிறகு எழுதினால் அது தற்காப்பாக மாறிவிடும். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினீர்கள், உண்மையில் எவ்வளவு ஆனது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு ஒருவரை ஆடவிட்டு, வாயைத் திறக்காமல் அருகில் உட்கார்ந்து, அவர் எங்கே நின்றார், எந்தப் பொத்தானை வீணாக அழுத்தினார் என்று மட்டும் குறியுங்கள். பிரவுசர் பில்டையே ஆடச் சொல்லுங்கள், அதுவும் உங்கள் கணினியில் வேண்டாம்.

கேள்வி: சமர்ப்பித்த பிறகு ஒரு பிழையைக் கண்டேன். திருத்தலாமா?

பதில்: விளையாட்டை முடங்கச் செய்யும் பிழையைத் திருத்தப் பல ஜாம்கள் அனுமதிக்கின்றன, புதிதாக எதையும் சேர்க்க விடுவதில்லை. உங்கள் ஜாமின் விதியைப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள். எதைத் திருத்தினீர்கள் என்று விளையாட்டின் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள், பழைய பில்டையும் அழிக்காமல் வைத்திருங்கள்.