போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் டூ பிளாக்குக்குள் (DO, ஒரே கட்டளையாக ஓடும் சிறு நிரல்) லூப் போட்டு, நவ்() வைத்து நேரத்தோடு வரிகளை இன்சர்ட் செய்கிறீர்கள். லூப் ஓடி முடிய மூன்று நிமிடம், ஆனால் எல்லா வரியிலும் ஒரே நேரமா?

நவ்() இருக்கும் இடத்தில் கிளாக்_டைம்ஸ்டாம்ப்() போடுங்கள், ஒவ்வொரு வரிக்கும் அதனதன் நேரம் விழும். டேபிளின் நெடுவரிசைக்கு (column) டீஃபால்ட்டாக நவ்() கொடுத்திருந்தால் அங்கேயும் மாற்ற வேண்டும், பலர் அதை மறந்துவிட்டு மறுபடி தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

உங்கள் லூப்பில் தப்பில்லை. போஸ்ட்கிரெஸில் நவ்() என்பது டிரான்சாக்‌ஷன் (ஒன்றாகவே முடியும் கட்டளைத் தொகுப்பு) தொடங்கிய நேரம். அது முடியும்வரை மாறாது. அதைத் தொடங்கும் பிகின் கட்டளையை நீங்கள் எழுதவே இல்லை என்கிறீர்கள், சரி, ஆனால் டூ பிளாக் முழுவதும் நடுவில் கமிட் (அதை முடித்துச் சேமிக்கும் கட்டளை) இல்லாவிட்டால் ஒரே டிரான்சாக்‌ஷன்தான். ஸ்டேட்மென்ட்_டைம்ஸ்டாம்ப்() போட்டுப் பார்த்தும் மாறவில்லை என்றீர்களே, அதற்கும் இதே கதை: வெளியிலிருந்து நீங்கள் அனுப்பிய கட்டளை வந்த நேரத்தைத்தான் அது சொல்லும், உள்ளே ஓடும் இன்சர்ட்டை அது கணக்கில் எடுக்காது.

நம்பிக்கை இல்லையென்றால் இப்படிப் பாருங்கள்:

1. பிகின் கொடுத்து, நவ்(), கிளாக்_டைம்ஸ்டாம்ப்() இரண்டையும் செலக்ட் செய்யுங்கள்.
2. செலக்ட் பிஜி_ஸ்லீப்(5) கொடுத்து ஐந்து நொடி காத்திருங்கள்.
3. முதல் செலக்ட்டையே மறுபடி ஓட்டுங்கள். இரண்டாவது மட்டும் ஐந்து நொடிக்கு மேல் நகர்ந்திருக்கும்.

அதற்காக எல்லா இடத்திலும் மாற்றிவிடாதீர்கள். ஒரு பில்லும் அதன் ஐட்டங்களும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டுமென்றால் நவ்()தான் சரி. நிபந்தனை எழுதும் வேர் (WHERE) பகுதியில் கிளாக்_டைம்ஸ்டாம்ப்() வைத்தால் அந்த நிபந்தனைக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) பயன்படாது, பெரிய டேபிளில் நன்றாகவே அடிவாங்கும். அப்புறம், வரிசை முக்கியமென்றால் நேரத்தை நம்பாமல் ஒரு சீக்வன்ஸ் (தானாக ஏறிக்கொண்டே போகும் எண்) நெடுவரிசை வையுங்கள், சர்வர் கடிகாரத்தை யாராவது திருத்தினால் நேரம் பின்னாலும் போகும்.