அம்மாவின் கையை மேடையில் காட்டலாமா?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நெல்லையில் சட்டம் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. அம்மா இருபது வருடமாக அண்டி ஆபீஸுக்குப் போகிறார். அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலேயே முடிவு செய்துதான் சட்டம் எடுத்தேன். போன மாதம் கல்லூரிக் கூட்டம் ஒன்றில் அம்மாவின் கைகளைப் பற்றிப் பேசினேன், நல்ல கைதட்டல். வீட்டில் வந்து சொன்னதும் அம்மா இரண்டு நாள் பேசவில்லை. "எனக்க கைய ஊருக்கெல்லாம் காட்டவா உன்ன படிக்க வச்சேன்?" என்கிறார். தோழியோ, சொந்தக் கதையைக் கலந்தால் நீ சொல்வதை யாரும் நியாயமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்கிறாள். யார் சொல்வது சரி?
- வாசகி, கருங்கல்

பதில்: அம்மா சொல்வது சரி. தோழி சொல்வது பாதிகூடச் சரியில்லை.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வரி. எங்கள் பக்கம் முந்திரிக்கொட்டைக்கு அண்டி என்று பேர், ஆலைக்கு அண்டி ஆபீஸ். வறுத்த கொட்டையைத் தல்லும்போது, அதாவது தட்டி உடைக்கும்போது, ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும் விரல் கறுத்து உரியும். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்கு ரேஷன் கடை மிஷினில் ரேகை விழாமல் மூன்று முறை வெறும் பையோடு திரும்பி வந்தார். இந்தப் பெண்களைக் கல்யாண வீட்டில் கவனித்துப் பாருங்கள், கை முந்தானைக்குள் இருக்கும். அப்படி மறைத்து வைத்த கையைத்தான் நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேடைக்குக் கொண்டு போயிருக்கிறீர்கள். கோபம் வராமல் என்ன செய்யும்? முதலில் மன்னிப்புக் கேளுங்கள், அப்புறம் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த வாசலில் காத்து நின்ற பிள்ளை நீங்கள், அந்தக் கதை உங்களுடையது, அதைச் சொல்ல யாரையும் கேட்க வேண்டாம்.

இனி தோழி விஷயம். நாகர்கோவில் கோர்ட்டில் மார்ஷல் நேசமணியும் முக்காலியும் கதையைக் கேட்காமல் இங்கே யாரும் வளர்ந்திருக்க முடியாது. மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி, வக்கீலாக வந்த நேசமணி அதை உதைத்துத் தள்ளினார் என்பார்கள். நாற்காலியில் சாய்ந்திருந்தவர்களுக்கும் அந்த முக்காலி தினமும் கண்ணில் பட்டிருக்கும்தான், ஆனால் அது ஒரு வழக்காகவே அவர்களுக்குத் தோன்றவில்லை, உட்காரச் சொல்லப்பட்டவருக்குத் தோன்றியது. இதைப் போய் பக்கச்சார்பு என்று எப்படிச் சொல்வது?

உங்களுக்கும் அப்படி ஒரு முக்காலி வீட்டிலேயே இருக்கிறது மக்களே. இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டில் ஆறு மாதத்துக்கு 78 நாளாவது சந்தா பிடித்திருந்தால்தான் உடம்பு சரியில்லாத நாளுக்குப் பணம் கிடைக்கும். ஆலை வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடுகிறது என்று வையுங்கள். ஆறு மாதம் என்பது 26 வாரம், பெருக்கிப் பாருங்கள், சரியாக 78. ஒரே ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் 77, பின்னால் வரும் காய்ச்சலுக்கான பணம் இந்தக் காய்ச்சலாலேயே போச்சு! இது சட்டப் புத்தகத்தில் வெறும் ஒரு எண். மூன்று நாள் வேலைக்குப் போய் நாலு நாள் வீட்டில் இருக்கும் அம்மாவைப் பார்த்து வளர்ந்தவருக்குத்தான் அது உறைக்கும். அம்மாவோடு வேலை பார்க்கும் நாலைந்து பேரிடம் போய், இந்த வருடம் மாதாமாதம் எத்தனை நாள் வேலை, எத்தனை நாளுக்குச் சந்தா பிடித்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டை விரித்து வைத்துப் பேசினால் கைதட்டல் குறையலாம், பரவாயில்லை. அந்த நோட்டைப் பார்த்து அம்மாவும் கோபப்படமாட்டார் என்று நினைக்கிறேன்.

கேள்வி: எங்களுக்குக் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் உண்டு. கஷ்டம் தெரியாமல் வளர்ந்தவன். பால்வெட்டுத் தொழிலாளர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஆசை, ஆனால் "முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று சிரிப்பார்களே?
- வாசகர், குலசேகரம்

பதில்: சிரிக்கட்டும். தேரூர் கவிமணியை நினைத்துக்கொள்ளுங்கள். நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் அப்பனின் சொத்து மகனுக்கு இல்லை, சகோதரியின் மகனுக்கு என்றிருந்த காலம். அந்தச் சமூகத்திலேயே பிறந்த ஆண் அவர். வெளியே இருந்து யாரும் வந்து திட்டவில்லை, அவரே உள்ளே இருந்து, நடுத்தெருவில் நிற்கும் ஒரு மனைவியின் வாயால் மருமக்கள் வழி மான்மியத்தைப் பாடினார், அதுவும் சிரிக்கச் சிரிக்க. 1926-ல் திருவிதாங்கூர் அரசு சட்டம் கொண்டுவந்து அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியது. நிறைய பேர் நிறைய பாடுபட்டு வந்த சட்டம், பாட்டு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வீட்டு உள்கணக்கு தெரிந்தவரால்தான் அதை அப்படி எழுத முடியும்.

உங்களுக்கும் உள்கணக்கு தெரியும். மழைக்காலத்தில் வெட்டுப்பட்டையில் தண்ணீர் இறங்காமல் இருக்க மரத்துக்கு பிளாஸ்டிக் கட்டாமல் விட்டால் யாருக்கு எத்தனை நாள் கூலி போகிறது, மரத்தில் உறைந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பால் காசு யார் பைக்குப் போகிறது, இருட்டோடு வெட்டப் போகிறவரை பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, எல்லாம் உங்கள் அப்பாவின் டைரியில் இருக்கும். முதலில் சொந்தத் தோட்டத்தில் அதைச் சரி பண்ணுங்கள். அப்பாவோடு சண்டை வரும், அது வேறு விஷயம். அதற்குப் பயந்துகொண்டு அடுத்தவர் தோட்டத்தைப் பற்றிப் பேசக் கிளம்பினால் சிரிப்பவர்களோடு நானும் சேர்ந்துகொள்வேன்.

கேள்வி: 2017 ஒக்கிப் புயலில் அண்ணன் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கடலோர மக்களுக்கான வேலைகளில் இறங்கினேன். ஒவ்வொரு நவம்பர் 30-ம் தேதியும் மைக்கை நீட்டி அதே கதையைக் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சொல்லாவிட்டால் மறந்துவிடுவார்களோ என்றும் பயம்.
- வாசகி, தூத்தூர்

பதில்: நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. வருகிறவரிடம், ஆழ்கடலில் போகிற போட்டுக்குப் புயல் எச்சரிக்கை இப்போது எப்படிப் போய்ச் சேருகிறது, தேடிப் போக ஹெலிகாப்டர் எங்கே நிற்கிறது என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். விசாரித்து எழுதிக்கொண்டு வந்தால் அப்புறம் பேசலாம் என்று சொல்லி அனுப்புங்கள். அதுவும் முடியாத வருடம் அன்றைக்குப் போனை அணைத்துவிட்டு அம்மாவோடு இருங்கள்.