பச்சைத் தண்ணீரை இறைத்துக் கொட்டாதீர்கள்

தோட்டத்துக் குளத்தில் மாதாமாதம் தண்ணீரை மாற்றியும் பாசி பிடிக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த மாற்றுகிற வேலையை நிறுத்துங்கள்.

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீட்டுப் பொடக்காலியில், அதாவது கொல்லைப்புறத்தில், பத்தடிக்கு ஆறடியில் ஒரு சிமெண்ட் குளம் இருக்கிறது. நானும் இறைத்து, தேய்த்துக் கழுவி, வாய்க்கால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பத்தே நாளில் மறுபடி பச்சை. வயல்களைத் தாண்டி வருகிற தண்ணீர் அது, யூரியாவும் பாஸ்பேட்டும் கரைந்து வரும். பாசிக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது.

அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், போட்டேன். பாசி செத்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் பார்த்தால் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. துத்தமே மீனுக்கு விஷம். போதாததற்குச் செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், அதுவும் விடிவதற்கு முன்புதான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். பதினொன்றில் நாலுதான் மிஞ்சின. என் மகள் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. தயவுசெய்து மருந்துப் பக்கம் போகாதீர்கள்.

பாசிக்கு வேண்டியது வெயிலும் சத்தும். ஒரு சட்டியில் களிமண் போட்டு, எரு கலக்காமல், அல்லிக்கிழங்கு நட்டு இறக்குங்கள். பாதிக் குளத்தை இலை மூடினால் போதும். அதுவரை மேற்கு வெயிலுக்குத் தென்னங்கீற்று கட்டுங்கள். அடியில் வேலம்பாசி விடலாம். பேரில்தான் பாசி, அது செடி, சத்தைப் பாசிக்கு விடாமல் தான் எடுத்துக்கொள்ளும். ஆகாயத்தாமரையும், இங்கே ஆப்பிரிக்கன் பாயல் என்கிறார்களே அந்த மிதக்கும் களையும் வேண்டாம், குளத்தையே மூடிவிடும்.

தீனி இரண்டு மூன்று நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு மட்டும். உதிர்ந்த இலையை அன்றன்றே அள்ளுங்கள். மழைத்தண்ணீர் தோட்டத்து மண்ணோடு உள்ளே வழியாதபடி கரையை அரையடி உயர்த்துங்கள்.

நூல்பாசிக்கு என் வழி தேய்ந்துபோன சீமாறு. தண்ணீருக்குள் விட்டு ஒரே பக்கமாகத் திருகினால் நூல் சுற்றுகிற மாதிரி மொத்தமும் சுற்றிக்கொண்டு வரும். உதறிப் பாருங்கள், குட்டி மீனும் நத்தையும் அதில் சிக்கியிருக்கும். அவற்றைத் திரும்ப விட்டுவிட்டு, பாசியைத் தென்னை மூட்டில் போடுங்கள்.

இலை விரிய ஒன்றரை மாதமாவது ஆகும். அதுவரை பச்சையாகவே கிடக்கட்டும், வற்றுகிற அளவுக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீரோ மழைத்தண்ணீரோ ஊற்றுங்கள். சரி, நீங்கள் எங்கிருந்து தண்ணீர் விடுகிறீர்கள், வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? எழுதினால் இன்னும் சரியாகச் சொல்ல முடியும்.