படகில் சமையல்: பெட்டி முதலில், சிலிண்டர் அப்புறம்

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து 22 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறோம். சின்ன கேபின் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றில் சுற்றிவிட்டு, முகத்துவாரம் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் வருவோம். மீன் கிடைத்தால் அங்கேயே வறுத்துச் சாப்பிட ஆசை. வீட்டில் கூடுதலாக இருக்கிற 14.2 கிலோ சிலிண்டரைக் கேபின் பெஞ்சுக்கு அடியில் வைக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர், ஆரோவில் பக்கம் ஊர் திரும்பப்போகும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் விற்கிற புரொபேன் சிலிண்டரையும் படகு அடுப்பையும் வாங்கலாம் என்கிறார். எதை வாங்குவது?
— அரியாங்குப்பம் வாசகர்

பதில்: இரண்டு சிலிண்டரும் வேண்டாம். அந்த அடுப்பை மட்டும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

முதலில் வீட்டுச் சிலிண்டர். நிரம்பிய நிலையில் கிட்டத்தட்ட 30 கிலோ எடை. 22 அடிப் படகில் ஒரு பக்கம் வைத்தால் படகே அந்தப் பக்கம் சாயும். அது தவிர, வீட்டு இணைப்பு உங்கள் வீட்டு அடுப்படிக்காகக் கொடுக்கப்பட்டது. எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் விபத்துக் காப்பீடும் பதிவான முகவரியை வைத்துத்தான் பேசும். ஆற்று நடுவில் ஏதாவது ஆனால் அந்தக் காகிதத்தைக் காட்டி ஒன்றும் கேட்க முடியாது.

வெளிநாட்டுச் சிலிண்டருக்கு வேறு சிக்கல். இங்கே எந்த நிறுவனமும் அதை நிரப்பித் தராது. வால்வும் வேறு. தீர்ந்த பிறகு யாராவது ஒரு சந்துக்கடையில் பெரிய சிலிண்டரைக் கவிழ்த்து வைத்து, டியூப் போட்டு இறக்கித் தருவார்கள். இது சட்டப்படி தப்பு என்பது ஒருபுறம். எவ்வளவு இறங்கியது என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சிலிண்டருக்குள் திரவம் விரிவதற்கு மேலே கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும். முட்ட நிரப்பிய சிலிண்டரைச் சித்திரை வெயிலில் டெக்கில் வைத்துப் பாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுப்பு விஷயம் வேறு. படகுக்கென்று செய்த அடுப்பு, படகு ஆடும்போது தானும் ஊஞ்சல் மாதிரி ஆடி நேராக நிற்கும். பாத்திரம் வழுக்காமல் சுற்றிலும் கம்பி இருக்கும். காற்றில் தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்துகிற ஏற்பாடும் பர்னரில் இருக்கும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். நம் வீட்டு அடுப்புகள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. ஆனால் நம் கேஸ் புரொபேனும் பியூட்டேனும் கலந்தது, ரெகுலேட்டரிலிருந்து 30 மில்லிபார் அழுத்தத்தில் வருகிறது. அடுப்பின் பின்பக்கத் தகட்டில் என்ன கேஸ், என்ன அழுத்தம் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, ஜெட்டை, அதாவது பர்னருக்குக் கேஸை விடுகிற சின்னத் துளை முனையை, மாற்ற வேண்டுமா என்று அடுப்பு மெக்கானிக்கிடம் கேட்ட பிறகு பேரம் பேசுங்கள்.

சிலிண்டருக்கு, அடையாள அட்டையைக் காட்டினாலே விற்கிற 5 கிலோ சிறிய சிலிண்டர் போதும். முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். ஒரு பர்னரை மட்டும் எரித்தால் சுமார் 30 மணி நேரம் வரும். உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மாதக்கணக்கில் தாங்கும். ரெகுலேட்டரையும் அதே கடையில், அந்தச் சிலிண்டரிலேயே மாட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

ஆனால் சிலிண்டரை வாங்குவதற்கு முன்னால் அதை வைக்கிற பெட்டியைச் செய்யுங்கள். என்னிடம் கேட்டால், இந்த விஷயத்தில் காசு போக வேண்டிய இடம் பெட்டிதான்.

காரணம் இதுதான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. புரொபேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. வீட்டில் கசிந்தால் தரையோடு ஊர்ந்து கதவிடுக்கு வழியாக வெளியே போக ஒரு வாய்ப்பு உண்டு. படகுக்குக் கீழே கதவிடுக்கு ஏது? தண்ணீர் உள்ளே வராதபடி கட்டியதுதானே படகு. அதே கட்டுமானம் கேஸை வெளியே விடாது. கசிகிற கேஸ் தண்ணீர் மாதிரி வழிந்து, தரைப்பலகைக்கு அடியில் போய்த் தேங்கும். அங்கேதான் தண்ணீர் இறைக்கிற மோட்டாரும், தானாக ஓடுகிற அதன் சுவிட்சும் இருக்கின்றன. காற்றில் 2 சதவீதம் அளவுக்குக் கேஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும். உங்கள் கேபின் ஆறடிக்கு ஆறடி, உயரம் ஐந்தடி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். கால் கிலோவுக்கும் குறைவான கேஸ் போதும். திரவமாகப் பார்த்தால் இரண்டு டம்ளர்.

தேங்காய்த்திட்டுப் பக்கம் ஒரு படகில் நானே பார்த்தது. நண்பரின் நண்பருடையது. கேபினில் நின்று பேசிக்கொண்டிருந்தோம், ஒரு வாசனையும் இல்லை. ஒருவர் கையிலிருந்து ஸ்பேனர் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். முழங்கால் உயரத்துக்குக் கீழே குப்பென்று கேஸ் வாசனை. பெஞ்சு மூடியைத் தூக்கினால், சிலிண்டரின் ரப்பர் டியூப் பலகையின் விளிம்பில் உரசி உரசி, நகத்தால் கீறியது போல ஒரு வெட்டு. ரெகுலேட்டர் கழுத்தில் பச்சையாக உப்புப் பூத்திருந்தது. ரெகுலேட்டரை மூடினோம், எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லா மூடிகளையும் திறந்துவிட்டுக் கரையில் இறங்கி நின்றோம். ரொம்ப நேரம் கழித்துப் போய், பலகையைத் தூக்கி, பிளாஸ்டிக் வாளியால் அடியிலிருந்து வெறும் காற்றை அள்ளி அள்ளி வெளியே கொட்டினார் படகுக்காரர். தூரத்தில் நின்று பார்த்தவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கும்.

சரி, பெட்டிக்கு வருவோம். உல்லாசப் படகுகளின் கேஸ் அமைப்புக்கு ஐஎஸ்ஓ 10239 என்று சர்வதேசத் தரம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஏபிஒய்சி என்கிற படகுத் தர அமைப்பின் தரமும் உண்டு. இரண்டும் சொல்வதன் சாரம் ஒன்றே: சிலிண்டர் இருக்கிற பெட்டிக்கும் படகின் உள்பக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. மேலே மட்டும் திறக்கிற மூடி, அடியில் ஒரு வடிகுழாய். அந்தக் குழாய் இறக்கமாகவே போய், நீர்மட்டத்துக்கு மேலே, படகுக்கு வெளியே திறக்க வேண்டும். வழியில் எங்கும் தொங்கலாக வளைந்து தண்ணீர் தேங்கக் கூடாது, தேங்கினால் கேஸுக்கு அடைப்பு. அமெரிக்கத் தரம் அரை அங்குலத்துக்குக் குறையாத துளை கேட்கிறது. நீங்கள் முக்கால் அங்குலமாகவே வையுங்கள். அரை அங்குலத்தைக் குளவி கட்டிய மண் கூட அடைத்துவிடும். குழாயின் வாய்க்கும் கேபின் ஜன்னல், என்ஜின் காற்றுவழி போன்ற எந்தத் திறப்புக்கும் நடுவில் குறைந்தது 20 அங்குலம் இருக்கட்டும்.

உங்களைப் போன்ற படகுக்குத் திறந்த பின்டெக்கில், பெட்ரோல் டேங்க்கும் பேட்டரியும் இல்லாத பக்கம் வைப்பது நல்லது. ஃபைபர் படகு கட்டுகிற பட்டறையிலேயே இதைச் செய்து தருவார்கள். பட்டறைக்காரருக்கு ஐஎஸ்ஓ எண்ணைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். பெட்டி தயாரானதும் அதற்குள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். முழுவதும் வடிந்து வெளியே விழ வேண்டும், கேபினுக்குள் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கக் கூடாது. தண்ணீர் போகிற வழியில்தான் கேஸும் போகும். இந்தச் சோதனை முடிந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சாய்ந்தால் வாயுவுக்குப் பதில் திரவம் டியூபுக்குள் வந்து, பர்னரில் தீ முகம் உயரத்துக்கு எழும்பும். அதனால் பெட்டிக்குள் பெல்ட் போட்டு இறுக்குங்கள். காலியான சிலிண்டரும் அதே பெட்டியில்தான் இருக்க வேண்டும், காலி என்று நாம் சொல்வதில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

பெட்டியிலிருந்து அடுப்பு வரை நடுவில் இணைப்பே இல்லாத ஒற்றைக் குழாய். சுவரைத் துளைக்கிற இடத்தில் கேஸ் புகாதபடி ரப்பர் அடைப்பு. ரப்பர் டியூப் என்றால் ஐஎஸ் 9573 முத்திரை இருப்பதை வாங்குங்கள். அதன் மேலேயே தேதி அச்சிட்டிருக்கும், வீட்டுக்கு ஐந்து வருடம் என்பார்கள். உப்புக்காற்றில் நான் இரண்டு வருடத்துக்கு மேல் நம்ப மாட்டேன்.

வெளிநாட்டுப் படகுகளில் பெட்டிக்குள் ஒரு பிரஷர் மீட்டர் இருக்கும். சிலிண்டரைத் திறந்து மூடிவிட்டு மூன்று நிமிடம் முள்ளைப் பார்ப்பார்கள், இறங்கினால் கசிவு. நம் ஊர் கிளிக் ரெகுலேட்டரில் அதற்கு இடம் இல்லை, சோப்புத் தண்ணீர்தான் வழி. அடுப்பு மூடியிருக்க, ரெகுலேட்டர் திறந்திருக்க, ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷ்ஷால் தடவி ஒரு நிமிடம் நின்று பாருங்கள். சின்னக் கசிவு உடனே காட்டாது. கடுகு அளவில் ஒரு குமிழ் வந்து, மெதுவாக மிளகாகும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற பழக்கம் இன்னும் சிலருக்கு இருக்கிறது, அவர்களைப் படகில் ஏற்றாதீர்கள்.

கேஸ் அலாரம் ஒன்று கேபினில் வைக்கலாம், தரையை ஒட்டி. வீட்டுக் கடைகளில் குழாய் எரிவாயுவுக்கான அலாரமும் விற்கிறார்கள். அது உயரத்தில் மாட்டுவது, உங்களுக்கு உதவாது. அலாரத்தின் அருகில் சிலிகோன் ஸ்பிரே அடித்தால் சென்ஸார் கெட்டுப்போகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழக்கம் ஒன்றே ஒன்று சொல்கிறேன். மீன் வறுத்து முடிந்ததும் அடுப்புத் திருகை மூடாதீர்கள். பின்டெக்குக்குப் போய் ரெகுலேட்டரை மூடுங்கள், குழாயில் மிஞ்சியது எரிந்து தீ தானே அணையட்டும், அதன் பிறகு திருகை மூடுங்கள். சமைக்கும்போது கேபின் கதவு திறந்தே இருக்கட்டும். மூடிய கேபினில் எரிகிற தீ கார்பன் மோனாக்சைடைச் சேர்க்கும், அதற்கு வாசனையே கிடையாது.

இவ்வளவு வேலையா என்று கேட்டால், டீ மட்டும் போதுமென்றால் இரண்டு பெரிய பிளாஸ்க் வாங்கிக்கொண்டு போங்கள். நான் அதைத்தான் செய்கிறேன்.

கேள்வி: இரும்புச் சிலிண்டர் உப்பில் துருப்பிடிக்கிறது. பிளாஸ்டிக் மாதிரி இருக்கிற புதிய சிலிண்டருக்கு முன்பணம் அதிகம் கேட்கிறார்கள். படகுக்கு அது லாபமா?
— கடலூர் முதுநகர் வாசகர்

பதில்: லாபம்தான், உங்கள் ஏஜென்சி அதைத் தொடர்ந்து தரும் என்றால். நீங்கள் சொல்வது காம்போசிட் சிலிண்டர். உள்ளே பாலிஎத்திலீன் உறை, அதன் மேல் கண்ணாடி இழைச் சுற்று, வெளியே இன்னொரு பிளாஸ்டிக் கவசம். 5 கிலோ, 10 கிலோ என்று வருகிறது. துருப்பிடிக்காது, இரும்பைவிடப் பாதி எடை, வெளிச்சத்தில் பிடித்தால் திரவம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தெரியும். டெக்கில் துருக்கறை விழாது என்பது மனைவியிடம் சொல்ல நல்ல காரணம். ஆனால் வால்வு பித்தளைதான், ரெகுலேட்டரும் பழையபடிதான், அவை உப்புப் பூக்கவே செய்யும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மேலே சொன்ன பெட்டி இதற்கும் வேண்டும்.

கேள்வி: 5 கிலோ சிலிண்டர் வாங்கினேன். கைப்பிடியின் உள்பக்கத் தகட்டில் சி-24 என்று இருக்கிறது. நான் வாங்கியது 2025 ஜனவரியில். கடைக்காரர் அது வெறும் நம்பர் என்கிறார். பில்லும் தரவில்லை.
— பரங்கிப்பேட்டை வாசகர்

பதில்: வெறும் நம்பர் இல்லை. அடுத்த சோதனை எப்போது செய்ய வேண்டும் என்கிற கெடு. ஏ என்றால் ஜனவரியிலிருந்து மார்ச், பி ஏப்ரலிலிருந்து ஜூன், சி ஜூலையிலிருந்து செப்டம்பர், டி அக்டோபரிலிருந்து டிசம்பர். உங்களுடையது 2024 செப்டம்பரோடு முடிந்தது. அதை நிரப்பி விற்றிருக்கவே கூடாது. தகட்டைத் தெளிவாகப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள், கையோடு பில்லும் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சிலிண்டரில் பெயர் இருக்கிற எண்ணெய் நிறுவனத்துக்கும் எழுதுங்கள், ஏஜென்சிக்காரர்கள் அதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். கசிவு தெரிந்தால் மட்டும் நேராக 1906-க்கு அழையுங்கள். புதிய சிலிண்டர் வாங்கும்போது கடையிலேயே தராசில் வைக்கச் சொல்லுங்கள். உடலில் பொறித்திருக்கும் வெற்று எடையோடு 5 கிலோ கூட்டினால் வர வேண்டும்.

கேள்வி: கேஸே வேண்டாம், படகில் இண்டக்‌ஷன் அடுப்பு ஓடுமா?
— முத்தியால்பேட்டை வாசகர்

பதில்: ஓடும். மூன்று பேருக்கு டீ போட 100 வாட்மணி போதும். 12 வோல்ட், 100 ஆம்பியர்மணி லித்தியம் பேட்டரியில் 1,200-க்கு மேல் இருக்கிறது. இன்வெர்ட்டர்தான் செலவு. 1,200 வாட் அடுப்பு 12 வோல்ட்டில் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதனால் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வரை தடித்த கேபிளும் ஃபியூஸும் கட்டாயம். கடைக்காரர் கார் ஸ்டீரியோ ஒயரை எடுத்து நீட்டினால் வேறு கடை பாருங்கள்.