ஜெல் உள்ளே இறங்க நெகிழித் தாள் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 62. மூட்டுத் தேய்மானத்துக்காக வலது முழங்காலில் 1% டைக்ளோஃபெனாக் ஜெல் தடவுகிறேன். 50 கிராம் டியூப் ஒரு மாதத்துக்கு மேல் வருகிறது, ஆனால் வலி குறையவில்லை. ஜெல் தடவி, நெகிழித் தாள் சுற்றி, மேலே வெந்நீர்ப் பை வைத்தால் மருந்து நன்றாக இறங்கும் என்கிறார் எங்கள் புளோக்கில் ஒருவர். செய்யலாமா? (சிங்கப்பூர், ஈசூன் வாசகி)

பதில்: இரண்டும் வேண்டாம். கோளாறு அந்த 'ஒரு மாதத்தில்' இருக்கிறது.

முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம், நாளுக்கு 3 அல்லது 4 வேளை தடவ வேண்டும். 4 கிராம் என்பது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. அப்படி 3 வேளை தடவினால் உங்கள் டியூப் நான்கே நாளில் தீர்ந்துவிடும். குறைந்த அளவில் தடவினாலும் எட்டு நாள்தான். நீங்கள் பட்டாணி அளவு பிதுக்கித் தேய்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டியூப் விற்கிற விலைக்கு, குறை சொல்லவும் மனம் வரவில்லை.

நம் தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. செல்கள் செங்கல் என்றால், இடையில் உள்ள கொழுப்புதான் சாந்து. அந்தச் சாந்தைச் சற்று இளக்கிவிடும் ஆல்கஹாலும் புரொப்பிலீன் கிளைகாலும் பல ஜெல்களில் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. நாம் செய்ய வேண்டியது, வழிமறிக்காமல் இருப்பதுதான். சந்தைக்குப் போய்விட்டு வந்த வேர்வைக் காலில் தடவாதீர்கள். குளித்துத் துவட்டி, தோல் நன்றாக உலர்ந்ததும் தடவுங்கள். தைலமோ லோஷனோ பூசிய இடத்தில் வேண்டாம். வலிக்கும் புள்ளியில் மட்டுமில்லாமல் முட்டியைச் சுற்றிலும், பின்பக்கமும் தடவுங்கள். பத்து நிமிடம் கழித்து ஆடையால் மூடலாம். ஒரு மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. அப்புறம், கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

சரி, வெந்நீர்ப் பை ஏன் கூடாது? ஜெல்லாகத் தடவும்போது இரத்தத்தில் கலப்பது, மாத்திரையாக விழுங்கும்போது கலப்பதில் சுமார் 6% மட்டுமே. வயிறும் சிறுநீரகமும் பெரும்பாலும் தப்பிப்பது அதனால்தான். சூடு பட்டால் இரத்த ஓட்டம் கூடி, மருந்து இரத்தத்துக்குள் அதிகமாகப் போகலாம். நெகிழித் தாளும் சேர்ந்தால் தோல் வெந்து தடித்துப்போகலாம். ஒத்தடம் பிடிக்குமென்றால் வேறு நேரத்தில், முட்டியில் ஜெல் இல்லாதபோது கொடுங்கள்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஆஸ்பிரினால் மூச்சிரைப்பு வந்தவர்கள் முதலில் பலதுறை மருந்தகத்திலோ மருந்தாளரிடமோ கேட்க வேண்டும். நீங்கள் தடவுவது டைக்ளோஃபெனாக் அல்லாமல், அதே வகை வலி மருந்தான கீட்டோப்ரோஃபென் ஜெல்லாக இருந்தால், தடவிய இடத்தில் வெயிலே படக்கூடாது, நிறுத்திய பிறகும் இரண்டு வாரத்துக்கு.

சரியான அளவில் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். புது டியூப்பைத் திறக்கும் தேதியை அதன்மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.